லோடைப் பாரு, அப்பறம் ரோட்டைப் பாரு

கேரளத்துக்குப் போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் எங்கள் மாமா முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “வண்டில என்னங்க இருக்குது?” எந்த ஊர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மாமா என் அம்மாவின் அண்ணன். கிணத்துக்கடவில் சின்னதாக ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறை விட்டால் எனக்கு அந்த ஆபீஸ்தான் போக்கிடம். ஒரு மேசை, ஒரு டெலிபோன், எல்.ஆர். என்ற லாரி ரசீதுப் புத்தகங்கள், சுவரில் முருகன் காலண்டர். வரைபடம் என்று எதையும் அங்கே நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் பாலக்காட்டிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் காலி வண்டியோடு திரும்பும் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே சொல்வதை வைத்துத்தான் அன்றைய வழி முடிவாகும். “கோபாலபுரத்துல இன்னிக்குப் புது ஆளுங்க, ஒவ்வொரு பெட்டியா எறக்கிப் பாக்கறாங்க.” “கொழிஞ்சாம்பாறைக்கு முன்னால பாலத்துல வேலை நடக்குதுங், பெரிய வண்டி போவாது.” மாமா கேட்டுக்கொள்வார். எதையும் எழுதி வைக்க மாட்டார். அடுத்த வண்டி கிளம்பும்போது அந்தச் செய்தி டிரைவரின் காதுக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்து நில அமைப்புத்தான் இப்படி வழி தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை உண்டாக்கியது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் மேற்குத்தொடர்ச்சி மலை விட்டுப்போன இடம் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்க்கும் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. மலைப்பாதை என்றால் ஒரே ஒரு ரோடுதான் இருக்கும். சமவெளி என்பதால் இங்கே ரோடுகள் பல. வடக்கிலிருந்து எண்ணினால் வாளையார், வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், செம்மணாம்பதி. கணவாய்க்கு வெளியே, தடாகத்தைத் தாண்டி மலையேறினால் ஆனைகட்டி வழியாக அட்டப்பாடி, மண்ணார்க்காடு. ஒரே மாநிலத்துக்குள் நுழைய இத்தனை வாசல்கள்.

அவற்றில் பெரியது வாளையார். ஆனால் மாநில எல்லையாக அது வயதில் இளையது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் பாலக்காடு, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குப் போனவர் மாகாண எல்லை எதையும் தாண்டவில்லை. சித்தூர்ப் பகுதி மட்டும் நெடுங்காலம் கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆகவே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டு வண்டியில் போன எங்கள் பாட்டனார் காலத்து ஆட்கள்தான் உண்மையில் இன்னோர் அரசின் எல்லைக்குள் போய்வந்தவர்கள். இன்று ஆள் நடமாட்டம் குறைவாகத் தெரியும் அந்தச் சின்னச் சாவடிகளுக்கு அத்தனை வயது.

மாமா எனக்குக் கற்றுக் கொடுத்தது லோடின் குணத்தைப் படிக்க. கிணத்துக்கடவு தக்காளிச் சந்தையில் பிற்பகலில் ஏற்றிய பெட்டிகள் மறுநாள் விடியும்போது கேரளச் சந்தையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் காய்கறிக்கு வரி கிடையாது. ஆனாலும் வாளையாரில் மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்கும் இரும்பு லாரிக்கும் சிமென்ட் லாரிக்கும் பின்னால்தான் தக்காளியும் நின்றாக வேண்டும். அதனால் தக்காளிக்கு நடுப்புணியோ வேலந்தாவளமோ. கோயம்புத்தூர் மோட்டார் பம்பும் பஞ்சுப் பேலும் கொச்சிக்குப் போகிறதென்றால் வாளையார்தான். காகிதம் முழுசாக இருக்க வேண்டும், டிரைவருக்குப் பொறுமை இருக்க வேண்டும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் செவ்வாயும் வியாழனும் ஏற்றும் மாடுகளுக்குக் கிட்டத்தில் இருக்கும் வழி எதுவோ அதுதான். நின்றுகொண்டே பயணம் போகும் உயிர், அதை வெயிலில் காக்க வைக்கக் கூடாது. பல்லடத்துக் கறிக்கோழி இரவில்தான் போகும், பகல் சூடு தாங்காது. பால் வண்டி என்றால் மீனாட்சிபுரம். கேரள அரசின் பால் பரிசோதனைக் கூடம் அங்கே இருப்பதால், ஓணம் நெருங்கினால் டேங்கர்கள் அங்கே வரிசை கட்டும்.

“லோடைப் பாரு கண்ணு, அப்பறம் ரோட்டைப் பாரு” என்பார் மாமா. “ரோடு எல்லாருக்கும் ஒண்ணுதான். லோடு அப்படியில்ல.”

வாளையார் வரிசையை இன்றைய இளைஞர்களுக்கு விளக்கிச் சொல்வது கடினம். க.க. சாவடியைத் தாண்டியதுமே லாரிகளின் வால் தெரியும். டிரைவர்கள் லாரி நிழலில் ஸ்டவ் மூட்டிச் சோறு வடிப்பார்கள். துவைத்த சட்டை தார்ப்பாய்க் கயிற்றில் காயும். ஒரு பகல் ஓர் இரவு கழிந்தும் வரிசை நகரவில்லை என்று போன் வரும். இரவில் காட்டோரம் நிற்பவர்களுக்கு யானை பயம் வேறு. மதுக்கரைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் யானைகளின் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. ரயிலில் அடிபட்டு யானைகள் செத்த செய்தி ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த காலமும் உண்டு. அந்த வரிசையில் நின்ற டிரைவருக்கும் கிளீனருக்கும் காத்திருந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. காத்திருப்பைத் தாங்கியது சரக்குக்காரரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. வழி தேர்ந்தெடுப்பது மாமாவுக்கு ஏன் அத்தனை பெரிய காரியமாக இருந்தது என்பது அந்த வரிசையை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் மிச்சப்படுத்தியது டீசலை மட்டுமல்ல. ஒரு மனிதனின் தூக்கத்தை, அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும் நாளை.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சோதனைச்சாவடிகளின் வேலை முடிந்தது. அடுத்த ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. போக்குவரத்துத் துறை, கலால், வனத்துறை என்று மற்றச் சோதனைகள் இருந்தாலும் அந்த நீண்ட வரிசை கரைந்துபோனது. மாமா அதற்குள் தொழிலை விட்டிருந்தார். ஆனாலும் ஒரு நாள் என்னோடு காரில் வாளையார் வரை வந்தார். லாரிகள் நிற்காமல் போவதை ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “இதைப் பாக்கறதுக்கு நம்ம டிரைவருக பல பேரு இல்லாமப் போயிட்டாங்க” என்றார். ஒரு சட்டம் சாதாரண மனிதரின் நாளை எப்படித் திருப்பித் தரும் என்பதை நான் அந்த டீக்கடையில்தான் கண்டேன்.

அடுத்த ஆண்டே எங்களுக்கு வேறொரு சோதனை. கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளம். கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி என்று கொங்கு நாட்டின் எல்லா ஊர்களிலும் அரிசி, பாய், போர்வை, பால் பவுடர், குடிதண்ணீர் குவிந்தன. பனியன் கம்பெனிகள் துணி கொடுத்தன. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஒரு மினி லாரி நிறையப் பொருள் ஏற்றினோம். திருச்சூருக்கு அப்பால் ஒரு முகாமில் சேர்க்க வேண்டும். வழக்கமான வழி வாளையார், பாலக்காடு, வடக்கஞ்சேரி, குதிரான் மலை. ஆனால் குதிரானில் மண் சரிந்து நெடுஞ்சாலை அடைபட்டிருந்தது. இன்று அங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான இரட்டைச் சுரங்கப்பாதை இருக்கிறது. 2021 ஜூலை இறுதியில் ஒன்றும், 2022 ஜனவரியில் மற்றொன்றும் திறந்தார்கள். அன்று அது இல்லை. மலையைச் சுற்றி ஏறி இறங்கும் பழைய ரோடுதான், அதுவும் மண்ணுக்கடியில்.

மாமாவைக் கேட்டோம். அவர் வழியைச் சொல்லவில்லை, கேள்வியைத்தான் கேட்டார். “வண்டில என்ன இருக்குது?” அரிசியும் போர்வையும் என்றோம். “அப்ப ஒரு நாள் தாமசமானாக் கெட்டுப் போவாது. தண்ணி வடியாத ரோட்டுல எறங்காதீங்க. ஆத்தை ஒட்டிப் போற எந்த ரோடும் வேண்டாம். மீனாட்சிபுரத்துல போயி, அங்கிருந்து வர்றவங்களைக் கேட்டுக்குங்க.” பாரதப்புழையை ஒட்டி ஒற்றப்பாலம், சொரனூர் வழியாகப் போகலாம் என்று எங்களில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தோம். அதைக் கைவிட்டோம். பொள்ளாச்சி, அம்பராம்பாளையம், மீனாட்சிபுரம், பிறகு முதலமடை மாந்தோப்புகளைத் தாண்டிக் கொல்லங்கோடு, நெம்மாறா. ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தி, எதிரே வரும் வண்டியை மறித்துக் கேட்டுக் கேட்டுப் போனோம். வடக்கஞ்சேரியில் ஒரு ஆட்டோக்காரர் எங்களுக்கு முன்னால் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பழையன்னூர், சேலக்கரை வழியைக் காட்டிவிட்டுத் திரும்பினார். கொடுத்த பணத்தை வாங்கவில்லை. போன் வரைபடம் அன்று எங்களைக் குதிரானுக்கே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ரோட்டில் நின்ற மனிதர்கள்தான் சரியான வழியைச் சொன்னார்கள்.

எல்லைச் சாவடி என்பதன் முழு அர்த்தத்தையும் 2020 கற்றுக் கொடுத்தது. என் அத்தை, அப்பாவின் தங்கை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அந்தப் பகுதியில் தமிழ் பேசும் குடியானவர்கள் ஏராளம். வயலுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கும் நம் பக்கத்து மலைகளிலிருந்து போவது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடப்படுகிறது. மருத்துவத்துக்குக் கோயம்புத்தூர், துணி எடுக்க ஒப்பணக்காரத் தெரு, கொள்ளல் கொடுப்பினை எல்லாம் பொள்ளாச்சிப் பக்கம். வேலந்தாவளம் அவர்களுக்கு எல்லையே அல்ல. அது ஒரு பஸ் நிறுத்தம்.

மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்ததும் அந்த நிறுத்தத்தில் தடுப்புக் கட்டை விழுந்தது. சின்னச் சின்ன ஊர்ப் பாதைகளில்கூட மண்ணைக் கொட்டி அடைத்தார்கள். மே மாதம் வெளிமாநிலத்திலிருந்து வருவோருக்குக் கேரள அரசு மொத்தம் ஆறு வாசல்களைத் திறந்தது: மஞ்சேஸ்வரம், முத்தங்கா, வாளையார், குமுளி, ஆரியங்காவு, இஞ்சிவிளை. பாலக்காட்டு மாவட்டத்துக்கு வாளையார் ஒன்றுதான். அங்கேயும் முன்கூட்டியே பாஸ் வாங்கியிருக்க வேண்டும். பாஸ் இல்லாமல் வந்த நூற்றுக்கணக்கானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் உட்பட, மே இரண்டாம் வாரத்தில் வாளையார் வெயிலில் சிக்கி நின்றார்கள். விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனது.

அத்தைக்கு இதய நோய். மாத்திரைகள் கோயம்புத்தூர் மருத்துவர் எழுதிக் கொடுத்தவை. அவர் ஊரில் சில மருந்துகள் கிடைக்கவில்லை என்று போன் வந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வரத் துடித்தேன். பாஸுக்கு எழுதிப் போடலாம், ஆனைகட்டிப் பக்கம் விசாரிக்கலாம், தெரிந்த தோட்டம் வழியாக நடந்தே போய்விடலாம் என்று வீட்டில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மாமாவுக்குப் போன் செய்தேன். வழக்கமான கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை என்று பதிலும் வைத்திருந்தேன். அவர் சொன்னார்: “மாத்திரைதான் இருக்குதுன்னு நெனைக்காத கண்ணு. நீ இருக்கற. உன்னோட அந்தச் சீக்கும் இருக்கலாம். அதை எந்த ரோட்டுலயும் ஏத்திட்டுப் போகக்கூடாது. மாத்திரை மட்டும் போகட்டும்.”

மாத்திரை மட்டும் போனது. வேலந்தாவளத்தில் தடுப்புக் கட்டையின் இந்தப் பக்கம் நான்; அந்தப் பக்கம் அத்தை மகன். நடுவில் நின்ற இரு மாநிலப் போலீசாரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள், மருந்துச் சீட்டைப் படித்தார்கள், கைமாற்றிவிட்டார்கள். ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. “மச்சான், சாப்பிட்டீங்களா?” என்று அவன் இருபதடி தூரத்திலிருந்து சத்தம் போட்டுக் கேட்டான். எங்களைப் போலவே வேறு குடும்பங்களும் அங்கே வந்திருந்தன. சோற்றுப் பாத்திரமும், கல்யாணப் பத்திரிகையும், பள்ளிப் புத்தகமும் அப்படித்தான் எல்லை தாண்டின. அந்த ஆண்டின் பிற்பாதியில் வழி திறந்ததும் அத்தை வீட்டுக்குத்தான் முதல் பயணம் போனோம்.

மாமாவின் கேள்வி அன்றுதான் எனக்குள் பெரிதாயிற்று. வண்டியில் இருப்பது சரக்கு மட்டுமில்லை. நாம் கொண்டு போகும் ஆபத்தும் லோடுதான்.

திம்பம் அதையே வேறு விதமாகச் சொன்னது. மைசூருக்குப் போக எங்களுக்குச் சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் மலைப்பாதை, ஆசனூர், காரப்பள்ளம், புளிஞ்சூர், சாமராஜ்நகர் என்பதுதான் வழக்கமான வழி. 27 கொண்டை ஊசி வளைவுகள். அது 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. இரவில் வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளின் கணக்கு நீதிமன்றத்துக்குப் போய், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை சரக்கு வண்டிகளுக்குத் தடை வந்தது. முதுமலைக்கு அப்பால் பந்திப்பூரில் 2009-லிருந்தே இரவுத் தடை உண்டு. திம்பத்துத் தடையால் தாளவாடி விவசாயிகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். முட்டைக்கோஸும் தக்காளியும் நம் சந்தைகளுக்கு இந்தப் பாதையில்தான் இறங்க வேண்டும். அவர்கள் போராடியதில் நியாயம் இருந்தது. உள்ளூர் மக்களுக்குத் தளர்வு கிடைத்ததும் நியாயமே.

அந்தப் பாதையில் ஒரு விடியற்காலையில் பண்ணாரிச் சோதனைச்சாவடி திறக்கக் காத்திருந்தேன். முன்னும் பின்னும் லாரிகள். என்னோடு வந்திருந்த மாமா லாரிகளைப் பார்க்கவில்லை, காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் ரோட்டோரம் நிற்பதும், லாரியிலிருந்து கரும்பை உருவுவதும் அவருக்குப் பழைய கதை. “எங்க காலத்துல ராத்திரி ஓட்டறதுதான் கெட்டிக்காரத்தனம். அடிபட்டதை யாரும் எண்ணல. இப்ப எண்றாங்க. அது நல்லதுதான்” என்றார். அவசரமாக இரவில் மைசூர் போக வேண்டியவருக்குச் சேலம், ஓசூர் வழியாகச் சுற்றும் வழி உண்டு. டீசல் கூடும். ஆனால் ரோட்டுக்கு வெளியே இருக்கும் உயிரையும் கணக்கில் எடுத்துத்தான் ரோட்டைத் தேர வேண்டும்.

கேரள எல்லையில் இருக்கும் இந்தச் சின்னச் சாவடிகளை மூடிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரியும். கேரளத்திலிருந்து மருத்துவமனைக் கழிவையும் குப்பையையும் ஏற்றி வந்து எங்கள் தோட்டத்தோரங்களிலும் ஓடைகளிலும் கொட்டிப் போன லாரிகளைக் கிராமத்தார் இரவில் மடக்கிப் பிடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மருந்து ஊசிகள் கலந்த அந்த மூட்டைகளின் நாற்றம் நாலு நாளைக்குப் போகாது. ரேஷன் அரிசியும் இதே ஊர்ப் பாதைகளில்தான் கடத்தப்படுகிறது. ஆனால் குற்றம் ரோட்டில் இல்லை, லோடில் இருக்கிறது. சாவடியில் இரவிலும் ஆள் இருந்து, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் போதும். மூடினால் குப்பை லாரிக்காரன் வேறு பாதை கண்டுபிடித்துக்கொள்வான். அத்தை வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் பாதை இல்லாமல் போகும். 2020-இல் அதைப் பார்த்துவிட்டோம்.

இப்போது என் மகன்களும் அவர்களுடைய நண்பர்களும் போனில் ஊர்ப் பெயரைத் தட்டி, நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. எத்தனை நிமிடம் என்று அது சரியாகவே சொல்கிறது. வண்டியில் இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது. ஆகவே அவர்கள் கிளம்பும்போது நான் சொல்கிறேன்: வயதானவர் இருந்தால் வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் போங்கள்; நிழலும் டீக்கடையும் உண்டு, கேட்டால் தண்ணீர் தரும் வீடு உண்டு. நேரத்துக்குக் கொச்சி விமானம் ஏற வேண்டுமென்றால் வாளையார், நாலுவழிச் சாலை. மழைக்காலத்தில் அட்டப்பாடி மலைப்பாதையும், இருட்டிய பிறகு எந்தக் காட்டு வழியும் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் நடந்து போகும் ரோடென்றால் வேகத்தைக் குறையுங்கள். பரம்பிக்குளம் போக ஆசை என்றால் கேரளத்துக்குள் சுற்றித் தேட வேண்டாம். அது கேரளத்து ஊர்தான், ஆனால் ரோடு நம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான். எங்கே போனாலும் அன்று காலையில் அந்த ரோட்டில் வந்த ஒருவரையாவது நிறுத்திக் கேளுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ கேட்டால் இங்கே யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

இத்தனை வாசல்கள் இருப்பதால்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. எல்லையோர மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகள் அவை. அரசு அவற்றைத் திறந்து வைத்திருக்க வேண்டும், காவல் காக்கவும் வேண்டும். வழி கேட்கும் ஒவ்வொருவரையும், அதற்கு முன்னால் வண்டியில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.